விற்காத பொருளுக்கு வந்த ரிப்பேர்

"இதை எவன் வாங்குவான்?" என்று கேட்ட முதலாளி, கையடக்க வீடியோ கேம் கருவி செய்யும் வேலையை உடனே ஊற்றி மூடச் சொன்னார். செய்திருந்தது ஒரே ஒரு மாதிரிதான். அது இன்ஜினியர் பெண்ணின் மேசையில் மேல்மூடிகூட இல்லாமல் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா உள்ளே வந்து, பையிலிருந்து அதே கருவியை எடுத்து நீட்டினார். அதற்கு மூடி இருந்தது. பட்டன்கள் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்திருந்தன.

"என் பொண்ணு இதைக் கீழயே வைக்க மாட்டேங்குறா. பட்டனை மட்டும் மாத்திக் குடுங்க சார்."

"நாம இன்னும் விக்கவே ஆரம்பிக்கலையே!" என்று இன்ஜினியர் முதலாளியின் காதைக் கடித்தாள்.

முதலாளி கருவியைக் கையில் வாங்கினார். ஒரு சின்னக் கையின் சூடு அதில் இன்னும் ஆறாமல் இருந்தது.

"சும்மா இரும்மா. ரிப்பேரே வந்தாச்சு, இனி சரக்கைச் செய்யாம இருக்க முடியுமா?" என்றார்.