பானையில் சிக்காத பொடிச்சி

ஏரிக் கெண்டைகளுக்கு ஒரு பழக்கம். வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாரும் அடியில் கிடக்கும் பழைய பானையின் வாய்க்குள் நுழைந்து பார்ப்பார்கள். நுழைய முடியாமல் சிக்குகிறவர்தான் தலைவர். தலைவரான யாரும் மறு வருஷம் உயிரோடு வந்ததில்லை. ஏனென்று எவரும் கேட்டதுமில்லை.

பொடிச்சி மூன்று வருஷமாகச் சர்ரென்று உள்ளே போய் மானம் போய்த் திரும்பினாள். இந்த வருஷம் சிக்கியே தீருவது என்று ஒரு மாதம் பாசியை மொக்கினாள்.

"உங்கப்பா பொடி, உங்கம்மா பொடி. பாசி தின்னா வயிறு பெருக்கும், வம்சம் பெருக்குமாடி?" என்றார் நண்டண்ணன்.

"உங்களுக்குப் பொறாமைண்ணே!"

பானை நாளன்று நிஜமாகவே சிக்கினாள்! "நான்தான் தலைவி!" என்று பானையிலிருந்து திமிறிக் குதித்தாள். அதே நேரம் வலை விழுந்தது. பொடிக் கெண்டைகள் எல்லாம் வலைக்கண்ணில் நழுவி ஓடின. பொடிச்சிக்குத் தலை வந்தது, வயிறு மாட்டிக்கொண்டது.

"அண்ணே, செத்தேன்!"

"வாயைத் திற!" என்று நண்டண்ணன் கொடுக்கால் அவள் வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டினார். அவள் சிரித்த சிரிப்பில் ஒரு மாதப் பாசியும் வெளியே வந்தது. பொளக்! அவளும் வந்தாள்.

மறு வருஷம் அவளுடைய நூறு பிள்ளைகளும் வரிசையாகப் பானைக்குள் நுழைந்தார்கள். சர், சர், சர். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

"எல்லாம் என்னை மாதிரியேண்ணே!" என்று பொடிச்சி குட்டிக்கரணம் போட்டாள்.