எழுதின விலை

வெங்காய மண்டிக்காரர் பொய்யர் என்பதை அன்று காலை ஐந்தரை மணிக்கு அவள் தன் காதாலேயே கேட்டாள்.

முகத்தில் மாஸ்க், தலையில் தொப்பி. சில்லறை வியாபாரிகளுக்கு நடுவே கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தாள். ஏலம் கிலோ நாற்பத்திரண்டில் முடிந்தது. மூட்டைகள் வண்டி ஏறின.

பத்து மணிக்கு மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல நோட்டும் துணிப்பையுமாக அதே மண்டி வாசலில் போய் நின்றாள்.

“இன்னிக்கு வெங்காயம்?”

“இருபத்தெட்டும்மா,” என்றார் மண்டிக்காரர், கண்ணைச் சிமிட்டாமல்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. இவர் மண்டியையே மறைத்தார்.

அவள் புள்ளிவிவர ஆபீஸில் விலை எடுப்பவள். மொத்தச் சந்தையில் எல்லாருக்கும் ‘விலைக்காரம்மா’. ஆறு வருஷமாக, வாரம் ஒரு நாள், கடை கடையாக ஏறி இறங்கி விலை கேட்டு மேலிடத்துக்கு அனுப்புகிறாள். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எந்த வட்டாரத்துக்கு எவ்வளவு என்று சர்க்கார் பணம் ஒதுக்கும்.

போன வாரம் தலைமை ஆபீஸிலிருந்து ஓலை வந்தது. நாடு முழுக்கக் காய்கறியும் பருப்பும் இந்த வருஷம் ஒன்றரை மடங்காக ஏறியிருக்கிறது, உங்கள் வட்டாரத்தில் மட்டும் அசையவில்லை. சிமென்ட், டீசல், துணி விலையெல்லாம் மற்ற வட்டாரங்களோடு சரியாக ஒத்துப்போகிறது. இது எப்படி? இன்று பகல் பன்னிரண்டு மணி கெடு. அதற்குள் திருத்தம் வராவிட்டால் பழைய விலையே நிற்கும்.

பழைய விலை நின்றால், பெரியாஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கு ஒதுக்கும் காசு ஏறாது. அங்கே சமைப்பது அவள் நாத்தனார்.

“உன் நோட்டுல விலை ஏறல. என் சட்டியில கரண்டி தனியா நீந்துது. நூத்திருபது நோயாளிக்கு நீயே வந்து பரிமாறேன்,” என்று முந்தாநாள் வாசலில் நின்றே குத்திவிட்டுப் போயிருந்தாள்.

மேலதிகாரி ஒரு வழி சொன்னார். வாரத்துக்கு ரெண்டு ரெண்டாக ஏற்றிக்கொண்டே போ, யாருக்கும் தெரியாது என்றார். அவள் முடியாது என்றாள். பொய் சொல்வது யாரென்று கண்டுபிடிக்காமல் பேனாவைத் திறப்பதில்லை என்று கிளம்பிவிட்டாள்.

இப்போது ஆள் கையும் களவுமாகச் சிக்கி எதிரே நின்றார்.

“காலையில நாப்பத்திரண்டுக்கு ஏலம் விட்டீங்க. நான் அங்கதான் நின்னேன்.”

தராசின் மேலிருந்த அவர் கை அப்படியே நின்றது.

“வரிக்குப் பயந்து குறைச்சுச் சொல்றீங்களா? இல்ல, எல்லாக் கடையும் சேர்ந்து கூட்டா?”

“கூட்டுதாம்மா. பருப்புக்காரர், அரிசிக்காரர், எண்ணெய்க்காரர், நான். ஆனா வரிக்காக இல்ல.”

“பின்ன எதுக்கு?”

ஆறு வருஷத்துக்கு முன் நடந்ததை அவர் நினைவுபடுத்தினார்.

அவள் வேலைக்கு வந்த முதல் வாரம். விலை கேட்டு எழுதினாள். மூன்று கிலோ வெங்காயத்தைப் பையில் போட்டுக்கொண்டாள். பர்ஸைத் திறந்து பார்த்தாள். பேசாமல் இரண்டு கிலோவைத் திரும்பக் கொட்டினாள். அவள் வீட்டுக்காரர் முதுகு முறிந்து படுத்திருந்த சமயம் அது. சந்தைக்கே தெரியும். இருக்கிறதைக் கொடுத்துவிட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள் என்றார் மண்டிக்காரர். அவ்வளவுதான், எரிந்து விழுந்தாள். எழுதின விலைக்குத்தான் வாங்குவேன், ஒத்தைக் காசு குறைத்தாலும் அது லஞ்சம் என்று அவள் போட்ட சத்தத்தில் சுமை தூக்குகிறவர்கள்கூட மூட்டையோடு நின்றுவிட்டார்கள்.

“எழுதின விலைக்குக் கீழ நீங்க வாங்க மாட்டீங்க,” என்றார் மண்டிக்காரர். “அதான், எழுதும்போதே கீழ சொல்லிட்டோம். இத்தனை வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தித்தான் சொன்னோம். இந்த வருஷம் விலை எகிறிடுச்சு. உங்க சம்பளம் எங்கம்மா எகிறிச்சு?”

சிமென்ட் விலை மட்டும் ஏன் சரியாக இருந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிமென்ட் கடைக்கு அவள் பை கொண்டு போனதில்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போற மூட்டை என்ன விலை?”

“நாப்பத்திரண்டு,” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

“என் பையில மூணு கிலோ விழ, நூத்திருபது பேர் தட்டு காலி.”

“நோட்டு எங்க போகுதுன்னு எங்களுக்கு யாரும்மா சொன்னா?”

அவளும் சொன்னதில்லைதான்.

பேனாவைத் திறந்தாள். நாற்பத்திரண்டு என்று எழுதினாள். “வாங்க, நீங்களும் கூட வாங்க,” என்று அவரையும் கிளப்பிக்கொண்டு பருப்பு, அரிசி, எண்ணெய் என்று கடை கடையாக ஏறினாள். மண்டிக்காரர் முன்னால் போய்த் தலையை ஆட்ட, ஒவ்வொருவராக உள்ள விலையைச் சொன்னார்கள். பதினொன்றரைக்குப் பட்டியல் தயார். கீழே ‘காரணம்’ என்ற கட்டத்தில் கடைக்காரர் யார் பெயரும் இல்லை. ‘தவறு என்னுடையது’ என்று மட்டும் எழுதினாள்.

அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்த மண்டிக்காரர் பதறினார். “வேலைக்கே வேட்டு வெச்சிருவாங்கம்மா.”

“வெக்கட்டும்.”

செல்போனில் படம் எடுத்து அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு முறை பார்த்தாள். பிறகு வெங்காய மண்டிக்கே திரும்பி வந்து துணிப்பையை நீட்டினாள்.

மண்டிக்காரர் தராசைத் துடைத்தார். “வழக்கம்போல மூணு கிலோதானேம்மா?”

“ஒண்ணு,” என்றாள். “எழுதின விலைக்கு.”