வாய்க்காலுக்குப் போன விரிசல்

வாய்க்கால் ஓரத்துக் குட்டை ஒன்று வெயிலில் வற்றிச் சேறாகிவிட்டது. அதன் நடுவில் ஒரு மண்புழு மாட்டிக்கொண்டது.

"அக்கா, மத்தியானத்துக்குள்ள நீ இறுகிடுவே. என்னால துளைச்சுக்கிட்டுப் போக முடியாது. வாய்க்காலுக்கு ஒரு வழி விடேன்" என்று சேற்றிடம் கேட்டது புழு.

"காய்ஞ்சா நான் வெடிப்பேன். ஆனா எந்தப் பக்கம் வெடிப்பேன்னு எனக்கே தெரியாதே" என்றது சேறு.

போன கோடையில் விரிசல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடியதில், வழி தெரியாமல் சுற்றிச் சுற்றியே ஒரு புழு செத்துப்போனது. சேறு அதை மறக்கவில்லை.

வாய்க்கால் கரையில், உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து விழுந்த காந்தம் ஒன்று கிடந்தது.

"உன்கிட்ட இரும்புத் துகள் நிறைய இருக்கு. ஈரம் இருக்கும்போதே அதையெல்லாம் என் பக்கம் திரும்ப விடு" என்றது அது.

"வெடிப்பை நிறுத்திடுவியா?"

"அது என்னால ஆகாது. திசையை மாத்த முடியும்."

சேறு தன் பிடியைத் தளர்த்தியது. ஊசி போன்ற துகள்கள் மெல்லத் திரும்பி, காந்தத்தை நோக்கி வரிசையாகப் படுத்தன. வெயில் ஏறியது. சேறு பிளந்தது. விரிசல் அந்த வரிசையை ஒட்டியே ஓடி, வாய்க்கால் கரையில் போய் நின்றது.

புழு அதன் வழியாக ஊர்ந்து, கரையின் ஈர மண்ணுக்குள் தலையை நுழைத்தபடி கேட்டது: "ரொம்ப வலிக்குதா அக்கா?"

"வலிக்கத்தான் செய்யுது. ஆனா இந்தத் தடவை, எங்கே பிளக்கணும்னு தெரிஞ்சு பிளந்தேன்."