பதினேழாம் நம்பர் தண்டம்!

"பதினேழாம் நம்பரா? தண்டம்! சுத்தத் தண்டம்!"

பக்கத்து சீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் ஒடெஸ்ஸாவின் மடியிலிருந்த வேகவைத்த கடலை பாதி கீழே கொட்டியது.

அந்தப் பதினேழாம் நம்பர் அவள் பெற்ற பிள்ளை. மார்லன்.

நேற்றுத்தான் போனில் அழாத குறையாகச் சொன்னான். "இந்த ஊருக்கே என்னைப் பிடிக்கலைம்மா. தினம் தினம் என்னைத் திட்டித்தான் எழுதறாங்க. கலிபோர்னியாவில ஒரு காலேஜ் வா வான்னு கூப்பிடுது. நாளைக்கு ஒத்திகை ஆட்டம் முடிஞ்சதும் சரின்னு சொல்லிடப் போறேன்."

கலிபோர்னியாவா? நாட்டின் அந்தக் கோடிக்குப் போனால் பிள்ளையை எப்போது கண்ணால் பார்ப்பது?

"பொறுடா கண்ணு. நான் வந்து யாருக்கும் தெரியாம கூட்டத்தோட கூட்டமா உட்கார்றேன். ஊர் உன்னைப் பத்தி என்னதான் பேசுதுன்னு என் காதால கேட்கிறேன். அப்புறம் முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து இந்த அலபாமா கல்லூரி மைதானத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

கேட்க வந்தவளுக்குக் காது புளித்துவிட்டது.

பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. ஒரே அணிதான், பச்சைச் சட்டை, வெள்ளைச் சட்டை என்று இரண்டாகப் பிரிந்து மோதிக்கொண்டிருந்தது. பந்து உயரப் பறந்து வந்தது. மார்லன் இரண்டு பேர் தலைக்கு மேல் எகிறிப் பிடித்து, ஒரே ஓட்டமாக ஓடிக் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான்.

ஒடெஸ்ஸா தன்னை மறந்து எழுந்துவிட்டாள். "அப்படிப் போடு! பார்த்தீங்களா சார்?"

"எதை மேடம் பார்க்கிறது?" என்றார் அவர். பெயர் ஹாய்ட். பச்சைத் தொப்பி, பெரிய தொப்பை. "தடுக்க வேண்டிய நம்ம பசங்க ரெண்டு பேரும் தூங்கிட்டானுங்க. எனக்கு அந்தக் கவலை."

அடுத்த பந்தை மார்லன் ஒற்றைக் கையால் பிடித்தான்.

"காத்து கொண்டுவந்து கையில கொடுத்துச்சு" என்றார் ஹாய்ட்.

"காத்தே இல்லையே சார்!"

"இல்லாததாலதான் பிடிச்சான். காத்தடிச்சா தெரியும் இவன் வண்டவாளம்!"

பின்வரிசையில் ஒருவன், "ஓடறதைப் பாரு, வாத்து மாதிரி!" என்றான். வரிசையே 'ஆமாம் ஆமாம்' என்றது. ஒருத்தர்கூடக் கைதட்டவில்லை. ஹாய்ட் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படி என்ன ஜென்மப் பகையோ!

போதாததற்கு, இடைவேளையில் போனை வாய்க்கு நேராகப் பிடித்து, ரசிகர்கள் எழுதும் இணையப் பக்கத்துக்கு ஊரைக் கூட்டி விமர்சனம் சொன்னார். "பதினேழாம் நம்பரை நம்பி ஒரு புண்ணியமும் இல்லை. கையா அது? வெண்ணெய் தடவின கை!"

மீண்டும் ஆட்டம் தொடங்கியது. மார்லன் இன்னொரு தடவை பந்தோடு கோட்டைத் தாண்டினான். தாண்டியவன் நின்று, கூட்டத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். ஒரு சத்தமில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தான்.

பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

"யோவ்!" என்று திரும்பினாள் ஒடெஸ்ஸா. 'சார்' எல்லாம் காற்றில் போயிற்று. "வாயை மூடுய்யா! நான் அவனோட அம்மா. இனிமே உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. இன்னிக்கே கலிபோர்னியாவுக்குக் கிளம்பறான். நல்லா இருங்க!"

ஹாய்ட்டின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ... மேடம், மெதுவா! மெதுவா!" அவள் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார். "மேல் வரிசையைப் பாருங்க. திரும்பாம பாருங்க!"

திரும்பாமல் எப்படிப் பார்ப்பதாம்? திரும்பியே பார்த்தாள். இரண்டு பேர். புத்தம்புதுப் பச்சைத் தொப்பி, விலைச்சீட்டுகூட அறுக்கவில்லை.

"நம்ம ஊர் ஆளுங்களே இல்லை" என்று கிசுகிசுத்தார் ஹாய்ட். "வேற காலேஜ்லேர்ந்து மோப்பம் பிடிக்க வந்தவனுங்க. போன வருஷம் இதே ஆட்டத்துல எங்க பசங்களை வாயாரப் புகழ்ந்தோம். நல்லவனா நாலு பேரைக் கொத்திக்கிட்டுப் போயிட்டானுங்க. அதான் இந்த வருஷம் ஊரே கூடிப் பேசி வச்சிருக்கோம். மார்லனைப் பத்தி ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்தை பேசக் கூடாது, எழுதக் கூடாது. ஒரு மாசமா அவனைத் திட்டித் திட்டி எனக்குத் தூக்கமே இல்லை மேடம்! வெர்னா, காட்டு!"

அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி வெர்னா, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மேல்கோட்டை ஒரு சாண் திறந்து காட்டினாள். உள்ளே பச்சைச் சட்டை. அதில் கொட்டை எழுத்தில் பதினேழு.

பின்வரிசைக்காரனும் திறந்தான். பதினேழு. அவனுக்குப் பக்கத்தில் இருந்த கிழவரும் திறந்தார். பதினேழு!

"உசிரும்மா அவன் எங்களுக்கு" என்றாள் வெர்னா. "உங்க பையனை அந்தத் திருட்டுப் பசங்க கண்ணுல படாம காப்பாத்தத்தான் இத்தனை பாடும்."

ஒடெஸ்ஸாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப் பாவிங்களா! வெளியூர்க்காரன் எவனும் உங்க பேச்சை நம்பலை. நம்பியிருந்தா கலிபோர்னியாவிலேர்ந்து ஏன் கூப்பிடறான்? நீங்க எழுதறதைத் தினம் தினம் உட்கார்ந்து ஒரு வரி விடாம படிச்சு, அத்தனையும் உண்மைன்னு நம்பினது என் பையன் ஒருத்தன்தான்!"