சுரங்கப்பாதைக்கு நூறு கையெழுத்து

கடலூரில் சுரங்கப்பாதை கேட்கும் குழுவின் தலைவர் கொளஞ்சியப்பன், மனுவும் மைப்பேனாவும் இன்றி வீட்டைவிட்டு இறங்கியதில்லை. ரயில்வே கேட் மூடும்போதெல்லாம், அங்கே சிக்கி நிற்பவர்களிடம் கையெழுத்துக் கேட்பார். அவர்களோ பாதை எந்தத் தெருவில் முடியவேண்டும் என்று சண்டையிட்டு, கேட் திறந்ததும் பறந்துவிடுவார்கள். ஒரு மாதம் அலைந்தும் நாற்பது கையெழுத்தே தேறியது. இன்று மாலைக்குள் நூறு சேராவிட்டால், திட்டம் சிதம்பரத்துக்குப் போய்விடும்.

இன்று கேட் மூடி அரைமணி நேரமாயிற்று.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீட்டுனாத்தான் போடுவேன்," என்றான் கறிக்கடை இளவரசு.

"ஒன் கடை வாசல் வரைக்கும்னு சொல்லேன்," என்றாள் ஸ்கூட்டியில் நின்ற மாலதி. "எங்க தெரு வரைக்கும் நீட்டட்டும்."

"நீட்டுனா மழைக்கு ஒங்க தெருவுல படகு வுடலாம்."

"இந்தக் கேட்டுலயே கெழவியாவறதுக்கு அது தேவலாம். பேனாவக் குடுங்க சார்."

வெயில் ஏற ஏற வாதம் தணிந்தது, கையெழுத்துகள் பெருகின. தொண்ணூற்றொன்பது ஆயிற்று. இளவரசு மட்டும் கைகட்டி நின்றான்.

கொளஞ்சியப்பன் மெல்ல கேட் அறைக்குச் சென்றார். உள்ளே கேட் கீப்பர் சாமிக்கண்ணு, அவர் மனைவியின் தம்பி, வியர்வையில் நனைந்திருந்தான்.

"மாமா, ரயில் எங்கன்னு கேக்குறாங்க. அடுத்த வண்டியே சாயங்காலந்தான். தொறந்துடட்டுமா? என் வேலைக்கு ஒல வெச்சிடாதீங்க."

கொளஞ்சியப்பன் மனுவின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.

"இளவரசு போடட்டும், தொறந்துடலாம்," என்றார் அமைதியாக.