எறிய வேண்டிய பை

“எறி,” என்றாள் சுகுணா.

தர்ஷிகா எறியவில்லை. புதுப் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அதன் வார்களில் சுற்றியிருந்த பாலித்தீன் தாளை அவள் இன்னும் பிரிக்கவில்லை.

தேவாலாவில் காலையிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் முன்னால் செம்மண் குழைந்து கிடந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது.

பை நேற்று வந்தது. திருப்பூரில் வேலை செய்யும் பாலகுமார் லீவில் வரும்போது மகளுக்காக வாங்கி வந்தான். ஊதா நிறம். பக்கவாட்டில் தண்ணீர் பாட்டிலுக்கு வலை. இரவு பென்சில் பெட்டியை உள்ளே போட்டு, அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் அவள் தூங்கினாள்.

பழைய பை கதவுக்குப் பின்னால் தொங்கியது. ஜிப் போன இடத்தில் ஊக்கு. வார் அறுந்த இடத்தில் சாக்குத் தைக்கிற நூல். ஒவ்வொரு ஜூனிலும் சுகுணா அதைத் துவைத்து, தைத்து, மறுபடி மகளிடம் கொடுத்தாள். குழாயடியில் பெண்கள் அவளைக் கஞ்சம் என்றார்கள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

லயத்திலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்குத் தேயிலைக்கு நடுவில்தான் பாதை. பலா பழுத்து, அந்த வாசனைக்கு யானை வருகிற மாதம். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் வரும். வராத நாளும் உண்டு.

எதிரே வந்தால் பையை எறிந்துவிட்டு ஓடு. இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யானை நின்று பையை மிதிக்கும். அது மிதிக்கிற நேரம்தான் பிள்ளைக்குக் கிடைக்கிற நேரம்.

பழைய பையைத் தர்ஷிகா யோசிக்காமல் எறிவாள். சுகுணா எறியச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

“புள்ளைக்கு ஒரு பை வாங்கித் தந்தது குத்தமா?” என்றான் பாலகுமார்.

“பை நல்லாத்தான் இருக்குங்க. அதான் பயமா இருக்கு.”

“பழசு வேண்டாம்மா,” என்றாள் தர்ஷிகா. “பஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க.”

பக்கத்து வீட்டுச் சின்னம்மை சத்தம் கேட்டு வெளியே வந்தாள். “ஏண்டி சுகுணா, ஆனைக்கும் புதுப் பை வாங்கியாச்சா? எந்த ஸ்கூல்ல சேத்திருக்கீங்க?”

பாலகுமார் சிரித்துவிட்டான். ஒரு கையைத் தும்பிக்கைபோல் தொங்கவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினான்.

“நான்தான் ஆனை. வரேன் பாரு.”

காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தான். பிளிறினான். தர்ஷிகாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். அவன் நெருங்கினான்.

அவள் பையை எறிந்தாள்.

நன்றாகவே எறிந்தாள். பை சேற்றில் விழுந்து சறுக்கிக்கொண்டு போய் நின்றது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். சொல்லிக் கொடுத்தபடியே நேராகப் போகாமல் வளைந்து ஓடி, குழாயடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

“பாத்தியா?” என்றான் பாலகுமார். “எம் மவ.”

சின்னம்மை கைதட்டினாள்.

சுகுணா சுவரைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

“மிதிங்க,” என்றாள்.

“என்ன?”

“ஆனைதானே நீங்க. மிதிங்க.”

பாலகுமார் பைக்குப் பக்கத்தில் போனான். காலைத் தூக்கினான். வேறு இடத்தில் வைத்தான்.

“புதுசு சுகுணா.”

சுகுணா வாசலிலிருந்து இறங்கினாள். பையின் நடுவில் காலை வைத்தாள். அழுத்தினாள். உள்ளே பென்சில் பெட்டி உடையும் சத்தம் கேட்டது.

சுவருக்குப் பின்னாலிருந்து அலறல் வந்தது.

தர்ஷிகா ஓடி வந்தாள். வளையாமல் நேராக வந்தாள். போனதைவிட வேகமாக வந்தாள். சேற்றில் மண்டியிட்டு, அம்மாவின் காலை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கப் பார்த்தாள்.

“மிதிக்காதம்மா. மிதிக்காத.”

அவள் தலை சுகுணாவின் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

பாலகுமாரின் கை தும்பிக்கையாகவே நின்றுவிட்டிருந்தது. மெல்ல அதை இறக்கினான்.

சுகுணா காலை எடுக்கவில்லை.

“போன ஆடியில ஆனை மிதிச்சுச் செத்தானே, மேட்டு லயத்து ஸ்டெபின்,” என்றாள். “கொழுந்து பறிச்சிட்டு மேல நின்னு பாத்தேனுங்க. அவங்கம்மாகிட்ட நான் சொல்லலை.”

மகளின் விரல்கள் அவள் கணுக்காலை இறுக்கின.

“அவனும் எறிஞ்சான். எறிஞ்சிட்டு மதகு வரைக்கும் ஓடித் தப்பிச்சிட்டான். அப்புறந்தான் பையைத் திரும்பிப் பாத்தான்.”