ஐந்தாவது பெண்

அம்மா போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அவளுடைய ஜப்பான் பீங்கான் தேநீர்க் கெண்டியை விற்றே தீர வேண்டும் என்று அக்காள் ஒற்றைக்காலில் நின்றாள். தங்கைக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

வந்தவர் பழம்பொருள் வியாபாரி. முப்பது வருடமாகப் பீங்கானோடு புழங்கியவர். கெண்டியை ஜன்னலோரம் வைத்துப் பார்த்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"மூடி பழுதில்லை. பூமரத்தடி பெஞ்சுல அஞ்சு பெண்கள்."

"நாலு பேர் சார். சின்ன வயசுலேருந்து பார்க்கிறோம்," என்றாள் அக்காள்.

"நீங்களே எண்ணிப் பாருங்கம்மா."

ஐந்து பேர்தான் இருந்தார்கள். ஐந்தாவது பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

இந்த வகைக் கெண்டியில் மெருகின் மேல் வண்ணம் தீட்டி, மறுபடியும் சூளையில் வைத்துச் சுடுவார்கள். அப்புறம் தேய்த்தாலும் அது கையில் ஒட்டாது. வியாபாரி அந்தப் பெண்ணின் சிவப்பு அங்கியை மெல்லத் தடவினார். விரலில் ஈரச் சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது.

அவர் பேனாவை மூடினார். "எனக்கு இது வேணாம்மா," என்று சொல்லிவிட்டு, வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

தங்கை பழைய ஆல்பத்தை எடுத்து வந்தாள். அம்மா கெண்டியை ஏந்தி நின்ற படத்தில், நான்கு பெண்களும் பெஞ்சு முழுவதையும் அடைத்துக்கொண்டு தாராளமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, நகர்ந்து இடம் விட்டிருக்காங்க பாரு."

அக்காள் கெண்டியைத் திருப்பிப் பார்த்தாள். நால்வரும் ஒரு மூலையில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். முதுகு காட்டியவளுக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.